சில்லரில கரண்ட் மிச்சம் பிடிக்க கொன்ரோலரில என்னத்தை மாத்தலாம், என்னத்தைத் தொடக்கூடாது: புதுசா வாறாக்களுக்கு

யாழ்ப்பாணத்தில இப்ப ஹோட்டல், பிரைவேற் ஆஸ்பத்திரி, கலியாண மண்டபம், பெரிய உடுப்புக்கடை எண்டு சில்லர் (தண்ணியைக் குளிராக்கிக் கட்டடம் முழுக்க அனுப்புற பெரிய ஏசி மெசின்) பூட்டின கட்டடங்கள் வர வரக் கூடிக்கொண்டு போகுது, ஆனா அதைப் பாக்கிற ஆக்களில கனபேர் ஸ்பிளிற் ஏசி வேலையில இருந்து நேர வந்த பெடியள், ஆரும் அவையளை இருத்தி வைச்சு கொன்ரோலர் பனலில இருக்கிற மெனுவை ஒவ்வொண்டா விளங்கப்படுத்துறதில்லை. கொழும்பில இருந்து கொம்பனி ஆள் வந்து ஓடவிட்டுட்டுப் போன அண்டைக்கு என்ன செற்றிங்கோ அதேதான் வருசக்கணக்கா ஓடுது. அதால இந்த வேலைக்குப் புதுசா வாற தம்பியவை தங்கச்சியவைக்காக ஒழுங்கா எழுதி வைப்பம் எண்டு நினைச்சன்.

முதல்ல ஒரு விசயம் மனசில இருக்கோணும். சில்லரை வாங்கேக்க சித்திரை வைகாசி வெக்கையில, கட்டடம் முழுக்க சனம் நிறைஞ்ச நேரத்துக்கும் காணுமோ எண்டு பாத்துத்தான் சைஸ் எடுக்கிறது. அந்த நிலைமை வருசத்தில கொஞ்ச மணித்தியாலம்தான் வரும், மிச்ச நேரமெல்லாம் அரைவாசி, முக்கால்வாசி லோட்தான். அந்த அரைவாசி லோட்டில மெசின் தன்னை எப்பிடிக் குறைச்சுக்கொண்டு ஓடுது எண்டதிலதான் பில் கூடுறதும் குறையிறதும் இருக்கு. மற்றது, மெனுவில இருக்கிற சேவிங் வசதிகள் கனக்க குளிர் நாட்டுக் காலநிலையை யோசிச்சுச் செய்தது, எங்கட ஊர் ஈரப்பதனுக்கு அதை அப்பிடியே ஒன் பண்ணி விட்டா கரண்டும் மிச்சம் வரும், சுவரில பூஞ்சணமும் வரும். அதைப்பற்றிக் கீழ விரிவாச் சொல்லுறன்.

தொட முதல் பாக்க வேண்டியது

உங்கட மெசின் லோட்டைக் குறைக்கிற விதம் என்ன எண்டு கண்டுபிடியுங்கோ. ஸ்குரோல் கொம்பிரசர் எண்டா ஒண்டொண்டா ஒன் ஓஃப் ஆகும், ரெண்டு ஸ்குரோல் இருந்தா 50, 100 எண்டு ரெண்டு ஸ்ரேஜ், நாலு இருந்தா 25, 50, 75, 100. ஸ்குரூ கொம்பிரசர் எண்டா உள்ளுக்க ஒரு ஸ்லைட் வால்வ் அங்கால இங்கால நகர்ந்து, அனேகமா லோட்டை 25 வீதம் வரைக்கும் இறக்கும், புது மெசினுகளில வீஎஃப்டி இருந்தா மோட்டரின்ர வேகத்தையே குறைக்கும். பழைய பிஸ்டன் மெசின் எண்டா சிலிண்டரை அன்லோட் பண்ணும். இதுகளை விட ஹொட் காஸ் பைபாஸ் எண்டு ஒண்டு சில மெசினில இருக்கும், அது லோட் குறையேக்க சூடான காஸைத் திருப்பி எவாப்பரேற்றர் (தண்ணி குளிராகிற பாகம்) பக்கம் விட்டு மெசினை நிப்பாட்டாமல் வைச்சிருக்கும், குளிர் குறையுமே தவிர கரண்ட் பெரிசாக் குறையாது. அது எவ்வளவு நேரம் திறந்து நிக்குது எண்டு தெரிஞ்சு வைச்சிருங்கோ.

அடுத்தது, செற்றிங் எல்லாத்தையும் படம் எடுங்கோ. ஒவ்வொரு மெனுப் பக்கமும், ஒவ்வொரு ஸ்கிறீனும், பழைய அலாம் லிஸ்ற்றும். ஒரு கொப்பியில திகதி போட்டு எழுதியும் வையுங்கோ, ஏன் எண்டா போன் மாறும், கொப்பி பனலுக்க இருக்கும்.

பிறகு ஒரு கிழமை ஒண்டையும் மாத்தாமல் ரீடிங் மட்டும் எடுங்கோ. விடிய, மத்தியானம், பின்னேரம், ராத்திரி எண்டு போற தண்ணி எத்தினை டிகிரி, திரும்பி வாற தண்ணி எத்தினை டிகிரி, எந்தெந்தக் கொம்பிரசர் ஓடுது, அம்பியர் எவ்வளவு, வெளி வெப்பநிலை என்ன, கிலோவாற் மீற்றர் இருந்தா அதையும். தண்ணி செக்கனுக்கு எத்தினை லீட்டர் போகுது எண்டு தெரிஞ்சா லோட்டைக் கணக்குப் பாக்கிறது லேசு: லீட்டரை ரெண்டு தண்ணிக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தால பெருக்கி, அதை 4.19 ஆல பெருக்கினா கிலோவாற்றில கூலிங் வரும், அதை 3.517 ஆல பிரிச்சா டன். செக்கனுக்கு 10 லீட்டர், போறது 7, வாறது 12 எண்டா 209 கிலோவாற், கிட்டத்தட்ட 60 டன். அதே 10 லீட்டர் ஓட வித்தியாசம் 2 டிகிரி மட்டும்தான் எண்டா அந்த நேரம் உங்கட கட்டடத்துக்குத் தேவைப்படுறது 24 டன் தான். கனபேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்த அண்டைக்குத்தான் தங்கட சில்லர் எவ்வளவு நேரம் சும்மா பெரிசா நிக்குது எண்டு விளங்கிக்கொள்ளுறவை.

கழுவாமல் செற்றிங்கைத் தொடாதேங்கோ

இது சலிப்பான வேலைதான், ஆனா முதல் வேலை இதுதான். காத்தால ஆறுற சில்லர் எண்டா கொண்டென்சர் கொயிலை, அதாவது சூட்டை வெளியில விடுற கொயிலை, ரோச் அடிச்சு உள்ளுக்கப் பாருங்கோ. கடற்கரைப் பக்கம், குருநகர், பண்ணை, காங்கேசன்துறை மாதிரி இடங்களில சோளகக் காத்து அடிக்கிற மாதங்களில உப்பும் புழுதியும் சேந்து அலுமினியத் தகட்டில சாம்பல் நிறத்தில ஒரு படையாப் பிடிச்சிருக்கும், விரலால தொட்டா மா மாதிரி உதிரும், அதுக்குக் கீழ தகடே அரிச்சிருக்கும். நல்ல தண்ணியால, பிரஷரைக் குறைச்சு, தகடு வளையாமல் நேராப் பிடிச்சுக் கழுவோணும்.

கூலிங் ரவர் (கொண்டென்சர் தண்ணியைக் காத்தில ஆறவைக்கிற ரவர்) இருக்கிற மெசின் எண்டா பிரச்சினை வேற மாதிரி. எங்கட கிணத்துத் தண்ணி முழுக்க சுண்ணாம்புக் கல்லுக்கால வாற தண்ணி, கேத்திலுக்க பிடிக்கிற அந்த வெள்ளைக் காவிதான் கொண்டென்சர் குழாயிலும் பிடிக்குது. சொஃப்னர் (தண்ணியில இருக்கிற சுண்ணாம்பை எடுக்கிற கருவி) போட்டு, புளோடவுனை (உப்புக் கூடின ரவர் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியில விடுறதை) ஒழுங்காச் செய்து, வருசத்துக்கு ஒருக்காவது குழாயைத் திறந்து பாக்கோணும். கொண்டென்சிங் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினா கொம்பிரசர் 2, 3 வீதம் கூட இழுக்கும், காவி பிடிச்ச குழாயில அது பல டிகிரியாப் போகும், அப்ப நீங்கள் மெனுவில என்ன செய்தும் பிரயோசனம் இல்லை.

செற்பொயின்ற்

செற்பொயின்ற் எண்டா மெசின் தண்ணியை வைச்சிருக்கப் பாக்கிற டிகிரி. கனக்க மெசினுக்கு ஃபக்ரறி செற்றிங் போற தண்ணி 7 டிகிரி. அதை ஒரு டிகிரி கூட்டினா கொம்பிரசர் எடுக்கிற கரண்ட் அண்ணளவா 2 இல இருந்து 3 வீதம் குறையும். லேசான மிச்சம், ஆனா எங்கட ஊரில கண்டபடி கூட்டேலாது. றூம் 24 டிகிரி, ஈரப்பதன் 55 வீதம் எண்டு வைச்சிருக்கோணும் எண்டா அந்தக் காத்தின்ர பனிநிலை (காத்தில இருக்கிற ஈரம் தண்ணியாப் படியத் தொடங்குற வெப்பநிலை) 14 டிகிரிக்குக் கொஞ்சம் மேல, றூமுக்குக் காத்து ஊதுற ஏ.எச்.யு பெட்டியின்ர கொயில் அதைவிட நல்லாக் குளிர்ந்தாத்தான் காத்தில இருக்கிற தண்ணி கொயிலில படிஞ்சு ட்ரெயினால போகும். சில்லர் தண்ணி 10 டிகிரிக்கு மேல போனா றூம் குளிரும், ஆனா ஈரம் அப்பிடியே நிக்கும், சனம் புழுங்குது எண்டு சொல்லி தேர்மோஸ்ரற்றை இன்னும் இறக்குவினம். அதால 7 இல இருந்து 8, பிறகு ஒரு கிழமை பாத்து 8.5, கூடினா 9. அதுக்கு மேல போறது எண்டா ஒரு ஈரப்பதன் மீற்றர் கையில இருக்கோணும். ஒப்பரேஷன் தியேட்டர், மருந்து வைக்கிற இடம் இருக்கிற கட்டடத்தில பொறுப்பான ஆக்களிட்டக் கேக்காமல் 7 ஐத் தொடவே கூடாது.

இன்னொண்டு கவனம். சில மெசின் போற தண்ணியைப் பாத்து ஓடும், சில மெசின் திரும்பி வாற தண்ணியைப் பாத்து ஓடும். வாற தண்ணியைப் பாக்கிற மெசினில செற்பொயின்ற் 12 எண்டு இருக்கும், அதைக் கண்டுட்டு இது பிழை எண்டு நினைச்சு 7 போட்டா, போற தண்ணி 2 டிகிரிக்கு இறங்கப் பாக்கும், ஃபிறீஸ் அலாம் அடிச்சு நிக்கும், அலாம் வேலை செய்யாட்டி எவாப்பரேற்றரே வெடிக்கும். மெனுவில கொன்ரோல் எந்தத் தண்ணியில எண்டதை வாசிச்சுப்போட்டுத்தான் கை வையுங்கோ.

டெட்பாண்டும் ரைமரும்

ஸ்குரோல் மெசின் பாக்கிற ஆக்களுக்கு இதுதான் முக்கியமான இடம். பனலுக்கு முன்னால ஒரு கதிரையைப் போட்டு ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கோ. ரெண்டாவது கொம்பிரசர் வருது, போற தண்ணி சடார் எண்டு இறங்குது, மூண்டு நிமிசத்தில அது நிக்குது, தண்ணி ஏறுது, ரைமர் முடியத் திரும்ப வருது. ஒவ்வொரு தரம் ஸ்ராட் ஆகேக்கயும் அம்பியர் மீற்றர் மேல பாயும். கன கட்டடங்களில இதுதான் நாள் முழுக்க நடக்குது, கரண்டும் வீண், கொண்டாக்ரரும் கருகும், கொம்பிரசர் எண்ணெயும் திரும்பி வர நேரம் கிடையாது.

காரணம் சின்னக் கணக்கு. முழு லோட்டில வித்தியாசம் 5 டிகிரி, ரெண்டு ஸ்ரேஜ் மெசின் எண்டா ஒரு ஸ்ரேஜ் வந்தா தண்ணி 2.5 டிகிரி இறங்கும். டெட்பாண்ட், அதாவது கொம்பிரசர் ஒன் ஆகிறதுக்கும் ஓஃப் ஆகிறதுக்கும் இடையில விடுற டிகிரி இடைவெளி, 1 டிகிரி எண்டு போட்டிருந்தா அது ஒரு நாளும் நிதானமா நிக்காது. போற தண்ணியைப் பாத்து ஓடுற மெசினில டெட்பாண்ட் ஒரு ஸ்ரேஜ் மாத்துற அளவைவிடக் கொஞ்சம் கூடவா இருக்கோணும்: ரெண்டு ஸ்ரேஜுக்கு 3 டிகிரி, நாலு ஸ்ரேஜுக்கு 1.5 இல இருந்து 2. தண்ணி கொஞ்சம் ஏறி இறங்கும்தான், றூமில இருக்கிற ஆக்களுக்கு அது தெரியாது.

ஸ்ரேஜ் கூட்டுற டிலேயை 3, 4 நிமிசத்துக்குக் கொண்டு போங்கோ, குறைக்கிற டிலேயை அதைவிடக் குறைய வையுங்கோ. ஒரு கொம்பிரசர் நிண்டாத் திரும்ப ஸ்ராட் ஆக எடுக்கிற நேரத்தைக் கொம்பனி போட்டதைவிடக் குறைக்காதேங்கோ, பொதுவா மணித்தியாலத்துக்கு 6 ஸ்ராட்டுக்கு மேல போகக்கூடாது. இவ்வளவும் செய்தும் அடிக்கடி ஒன் ஓஃப் ஆனா லைனில தண்ணி காணாது எண்டு அர்த்தம். ஏசிக்குப் பொதுவாப் பாக்கிற அளவு ஒரு டன்னுக்கு 11, 12 லீட்டர் தண்ணியாவது லூப்பில இருக்கோணும், இல்லாட்டி ஒரு பஃபர் ராங்க் (லூப்பில தண்ணியைக் கூட்டுற தாங்கி) வைக்கச் சொல்லி முதலாளியிட்டக் கதையுங்கோ, செற்றிங்கால அதைத் தீர்க்கேலாது.

ரெண்டு சேர்க்கிற் (தனித்தனிக் காஸ் லைன்) இருக்கிற ஸ்குரோல் மெசினில, அரை லோட்டில ஒரு சேர்க்கிற்றை முழுசா ஓட்டுறதைவிட ரெண்டு சேர்க்கிற்றிலயும் ஒவ்வொரு கொம்பிரசரா ஓட்டுறது நல்லது, ரெண்டு பக்கக் கொயிலும் வேலை செய்யும். ஸ்லைட் வால்வ் ஸ்குரூ எண்டா கதை மாறும்: ரெண்டையும் 40 வீதத்தில இழுத்துக்கொண்டு நிக்கிறதைவிட ஒண்டை 80 வீதத்தில ஓட்டுறது நல்லம். வீஎஃப்டி ஸ்குரூ எண்டா திரும்பவும் ரெண்டையும் மெதுவா ஓட்டுறதுதான் திறம். ஆரும் ஒரு விதியைச் சொல்லி எல்லா மெசினுக்கும் போடச் சொன்னா கேக்காதேங்கோ.

றீசெற்: இதில எங்கட ஊர் வேற

றீசெற் எண்டா லோட் குறைஞ்ச நேரம் சில்லர் தானா செற்பொயின்ற்றைக் கூட்டுறது. மெனுவில மூண்டு விதம் இருக்கும்: வெளி வெப்பநிலையைப் பாத்து, திரும்பி வாற தண்ணியைப் பாத்து, இல்லாட்டி வெளியில இருந்து வாற ஒரு சிக்னலைப் பாத்து. எல்லாரும் போடுறது வெளி வெப்பநிலை, ஏன் எண்டா சென்சர் ஏற்கனவே பூட்டியிருக்கும்.

அது இங்க சரிவராது. யாழ்ப்பாணத்தில வெளி வெப்பநிலை குறையிறது எப்ப? ஐப்பசி கார்த்திகையில மழை கொட்டேக்க, மார்கழியில வாடை அடிக்கேக்க. வருசத்து மழையில பெரும்பங்கு அந்த மாதங்களிலதான், காத்து முழுக்க ஈரம். வெளி வெப்பநிலையைப் பாக்கிற சில்லர் என்ன நினைக்கும் எண்டா, வெளியில 25 தானே, லோட் குறைவு, தண்ணியை 10க்கு ஏத்துவம் எண்டு. ஈரத்தை எடுக்க வேண்டிய நேரம் பாத்து கொயிலைச் சூடாக்கிவிடும். ஹோட்டல் றூமில கட்டில் விரிப்பு ஈரமா இருக்கு, அலுமாரிக்க மணக்குது எண்டு ஆக்கள் முறைப்பாடு சொல்லுவினம், ஏசி ஓடுதுதானே எண்டு நீங்கள் நிப்பீங்கள். வெக்கையான மாதங்களில வெளி வெப்பநிலை ஒரு நாளும் றீசெற் தொடங்குற அளவுக்கு இறங்காது, ஆக அது வேலை செய்யிறதே செய்யக்கூடாத மாதத்திலதான்.

நான் சொல்லுறது திரும்பி வாற தண்ணியைப் பாக்கிற றீசெற். வித்தியாசம் 5 இருக்கேக்க றீசெற் பூச்சியம், வித்தியாசம் 2க்கு இறங்கேக்க முழு றீசெற், அந்த முழு றீசெற் 1.5 இல இருந்து 2 டிகிரிக்கு மேல வேண்டாம். 7 எண்டா 9 ஓட நிக்கோணும். இதை மாசியில இருந்து புரட்டாதி மட்டும் ஒன் பண்ணி வையுங்கோ, மழை தொடங்கேக்க ஈரப்பதன் மீற்றரைப் பாத்து, 60 வீதத்துக்கு மேல நிண்டா ஓஃப் பண்ணுங்கோ. ஒரு எச்சரிக்கை, பம்ப் வேகம் மாறுற லைன் எண்டா வாற தண்ணி லோட்டைச் சரியாக் காட்டாது, வித்தியாசம் எப்பவும் ஒண்டாத்தான் நிக்கும், அங்க இந்த றீசெற் வேலை செய்யாது.

டிமாண்ட் லிமிற்

டிமாண்ட் லிமிற் எண்டா மெசின் இத்தினை வீதத்துக்கு மேல லோட் எடுக்காமல் தடுக்கிற செற்றிங். 42 கேவிஏக்கு மேல கரண்ட் எடுத்த இடங்களுக்கு பில் மூண்டு நேரமாப் பிரிஞ்சு வரும்: பகல் விடிய 5.30 இல இருந்து பின்னேரம் 6.30, பீக் 6.30 இல இருந்து ராத்திரி 10.30, ஓஃப் பீக் 10.30 இல இருந்து விடிய 5.30. பீக்கில யூனிற் விலை கூட. அதைவிட டிமாண்ட் சார்ஜ் எண்டு வேற ஒண்டு இருக்கு, மாசத்தில எந்தவொரு 15 நிமிசத்தில கூட இழுத்தீங்களோ அந்த கேவிஏக்கு முழு மாசத்துக்கும் காசு.

அந்த 15 நிமிசம் எப்ப வாறது எண்டு கேட்டா, கனபேர் மத்தியானம் எண்டுதான் சொல்லுவினம். லொக்கைப் பாத்தா அது அனேகமாக் கரண்ட் போய் வந்த பிறகு, இல்லாட்டி காலமை ஸ்ராட் பண்ணேக்க. லூப்பில தண்ணி 28 டிகிரி, எல்லாக் கொம்பிரசரும் முழு லோட்டில பாயும், அதோட லிஃப்ற், கிணத்து மோட்டர், சலவை மெசின் எல்லாம் ஒண்டா வரும். அதுக்கு மெனுவில சொஃப்ற் லோட் எண்டோ றாம்ப் எண்டோ ஒண்டு இருக்கும், அதைப் போட்டு 20, 30 நிமிசத்தில மெல்ல முழு லோட்டுக்கு வரச் செய்யுங்கோ, ஹோல் திறக்கிற நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி ஸ்ராட் பண்ணுங்கோ. இந்த ஒரு செற்றிங்தான் எனக்குத் தெரிஞ்சு செலவில்லாமல் கெதியாப் பலன் தாறது.

பீக்குக்கு லிமிற் போடுறது எண்டா முதல்ல உங்கட ரீடிங்கைப் பாருங்கோ. 6.30க்கு முதல் அரை மணித்தியாலம் தண்ணியை அரை டிகிரி கூட இறக்கி வைச்சுட்டு, பீக்கில லிமிற்றை 85 வீதத்தில போட்டுப் பாருங்கோ, சரி எண்டா 80, 75. வாற தண்ணி தொடர்ந்து ஏறிக்கொண்டே போனா லிமிற்றை அளவுக்கு மிஞ்சி இறக்கிப்போட்டீங்கள் எண்டு அர்த்தம். நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் ஹோட்டலுகள் நிறைஞ்சு இருக்கும், பூசை முடிஞ்சு எல்லாரும் ஒண்டா வந்து குளிச்சு ஏசி போடுறது அந்தப் பீக் நேரத்திலதான், அந்த நாளுகளில லிமிற்றைத் தளர்த்தி விடுங்கோ, ஆக்களைப் புழுங்க வைச்சு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஜெனரேற்றரில ஓடேக்க மட்டும் 50, 60 வீதத்துக்கு இறங்குற மாதிரி ஒரு சிக்னல் வயரைச் சேஞ்ச் ஓவரில (ஜெனரேற்றருக்கு மாத்துற சுவிச்சில) இருந்து குடுத்து வைச்சா ஜெனரேற்றரும் மூச்சு விடும்.

பம்பும் ரவரும்

சில்லரைக் குறைச்சுப்போட்டு பம்பை முழு வேகத்தில விட்டா பாதி வேலைதான். ஏ.எச்.யு வால்வ் மூண்டு வழி வால்வ் எண்டா தேவையில்லாத தண்ணியும் சுத்தி வரும், ரெண்டு வழிக்கு மாத்தி பம்புக்கு வீஎஃப்டி பூட்டினா பெரிய மிச்சம்: 50 ஹேர்ட்ஸை 40க்கு இறக்கினா பம்ப் எடுக்கிறது கிட்டத்தட்ட அரைவாசிதான். ஆனா எவாப்பரேற்றருக்குக் கொம்பனி சொன்ன குறைஞ்ச ஃபுளோவுக்குக் கீழ போகக்கூடாது.

ரவர் ஃபேன் செற்பொயின்ற்றில 24 எண்டு இருக்கும், வெளிநாட்டு எண். எங்கட காத்தின்ர ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுத்தின தேர்மோமீற்றர் காட்டுற வெப்பநிலை, ரவர் தண்ணி அதுக்குக் கீழ ஆறாது) 26 ஆ நிக்கிற நாளில ரவர் தண்ணி 29, 30க்குக் கீழ வராது, ஃபேன் மட்டும் முழு வேகத்தில சுத்திக்கொண்டு நிக்கும். 29 போடுங்கோ.

தொடவே கூடாதது

ஃபிறீஸ் கட் அவுட் வெறும் தண்ணிக்கு 3, 4 டிகிரியில இருக்கும், அதை இறக்காதேங்கோ. ஃபுளோ சுவிச்சை வயர் போட்டு நேராக் குடுக்காதேங்கோ, அலாம் தொல்லை எண்டு ஆர் சொன்னாலும் சரி. ஹை பிரஷர், லோ பிரஷர், சூப்பர் ஹீற் எல்லாம் காஸ் லைனில மீற்றர் வைச்சுப் பாக்கத் தெரிஞ்ச ஆளின்ர வேலை. ராத்திரி மிச்சம் பிடிக்கிறம் எண்டு மெயின் சுவிச்சை நிப்பாட்டாதேங்கோ, கொம்பிரசர் அடியில இருக்கிற எண்ணெய் ஹீற்றரும் சேந்து நிண்டுடும், எண்ணெயுக்க காஸ் கரைஞ்சு அடுத்த ஸ்ராட்டில பேரிங் போகும். நீண்ட நேரம் மெயின் நிண்டிருந்தா ஹீற்றரை 24 மணித்தியாலம் ஓட விட்டிட்டுத்தான் ஸ்ராட் பண்ணோணும்.

மாத்தின பிறகு

ஒரு நேரம் ஒண்டை மாத்துங்கோ, ஒரு கிழமை ரீடிங் எடுங்கோ, பேந்து அடுத்தது. ரெண்டு கிழமையை ஒப்பிடேக்க பில்லை மட்டும் பாக்காதேங்கோ, மழை பெய்தாலும் பில் குறையும், றூம் காலியா இருந்தாலும் குறையும். கிலோவாற்றை டன்னால பிரிச்சுப் பாருங்கோ, காத்தால ஆறுற மெசின் ஒரு டன்னுக்கு 1 இல இருந்து 1.3 கிலோவாற்றுக்குள்ள நிண்டாப் பரவாயில்லை, ரவர் இருக்கிற நல்ல ஸ்குரூ மெசின் 0.6 இல இருந்து 0.75. எல்லாம் செய்தும் குறைஞ்ச லோட்டில அந்த எண் ஏறிக்கொண்டே போகுது எண்டா, முதல்ல சொன்ன ஹொட் காஸ் பைபாஸ் வால்வின்ர குழாயில கையைக் கிட்டக் கொண்டு போய்ப் பாருங்கோ, மெசின் முக்கால் லோட்டில ஓடேக்கயும் அங்கால பக்கம் சூடா இருந்தா வால்வ் ஒழுங்கா மூடேல்லை, கொம்பனி ஆளைக் கூப்பிடுங்கோ, ரீடிங் கொப்பியையும் காட்டுங்கோ.